தோற்காப்பும் தொழிற்கல்வியும்: ஆனந்தக் குமாரசுவாமியின் கைவினைக் கருத்துக்கள் மீது ஒரு விமர்சன நோக்கு

கைவினை பற்றி நம்மிடையே எழுதப்படுங் கட்டுரைகளிற் பெரும்பாலானவை கோயிலிலே தொடங்கிக் கோயிலிலே முடிவடைகின்றன. சிற்பம், செப்புத் திருமேனி, தேர், தந்தச் செதுக்கல் என்பனவே அவற்றிற் பேசப்படுவன. மன்னனும் மடமும் ஆதரித்த பெரும்பொருள்களை மாத்திரம் முன்வைத்துக்கொண்டு, கைவினைஞன் எவ்வாறு தொழில் கற்றான் என்ற வினாவை எழுப்புமிடத்து, விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தந்தையிடமிருந்து மகன் கற்றான், மரபு அதனைக் காத்தது, மரபு அழிந்தபோது கலையும் அழிந்தது என்பதே அவ்விடை. இக்கருத்துக்கு ஆங்கிலத்திற் செம்மையான வடிவங் கொடுத்தவர் ஆனந்தக் குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை', 1909 இல் வெளிவந்த 'இந்தியக் கைவினைஞன்' ஆகிய இரு நூல்களும் அவர் நிலைப்பாட்டைத் தெளிவாகக் காட்டுவன. பின்வந்தோர் பலர் அவற்றைப் படித்தும் படியாமலும் அவர் கூறியதையே திருப்பிக் கூறிவருகின்றனர்.

குமாரசுவாமியின் கருத்தை அவர் தெரிவுசெய்த பொருள்களைக் கொண்டே சோதிப்பதிற் பயனில்லை. அவர் கண்ணிற் படாத, அல்லது பட்டும் பேசப்படாத ஒரு பொருளைக் கொண்டு சோதிப்பதே முறையாகும். அவ்வாறான பொருளாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது கையாற் செதுக்கிய தோற்காப்பு. மணிக்கட்டில் அணியும் இரண்டு விரல் அகலத் தோற்பட்டி அது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே குதிரைச் சேணம் செய்வோரின் பட்டறைகளில் வளர்ந்த செதுக்கு வேலையின் மிகச் சிறிய வடிவம் என்றும் அதனைக் கூறலாம். இடுப்புப்பட்டிக்கு வெட்டிய தோலில் எஞ்சிய துண்டிலே செய்யப்படுவது. தொழில் பழகுவோன் முதலிற் செய்து பார்ப்பதும் பெரும்பாலும் இதுபோன்ற சிறுபொருளையே. பெருங்கலை என்று எவரும் இதனைக் கூறார். ஆயின், ஒரு கைத்திறன் மனிதரிடமிருந்து மனிதருக்கு எவ்வாறு செல்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இச்சிறுபொருள் பல செய்திகளைத் தரவல்லது. அதற்குத் தொழிலின் நுட்பத்தைச் சற்று விரிவாக நோக்குதல் இன்றியமையாதது. இலக்கிய மாணவர் இவ்விடத்திற் பொறுமை காட்டவேண்டும்.

எல்லாத் தோலும் செதுக்கு வேலைக்கு உதவா. 1884 இல் அமெரிக்காவில் ஓகஸ்ரஸ் ஷுல்ற்ஸ் உரிமம் பெற்ற குரோமியப் பதனீட்டு முறை விரைவும் மலிவுமானது. அதனாற் கிடைக்குந் தோல் மென்மையும் நீர் தாங்கும் இயல்பும் உடையதெனினும், அதில் அழுத்திய வடிவம் நிலைக்காது. இறப்பரைப் போல மீண்டெழும். மரப்பட்டையிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புச் சத்தினாற் பதனிடப்பட்ட தோலே நனைந்தபோது களிமண்போல் இளகி, காய்ந்தபோது பெற்ற வடிவத்தைப் பேணும். தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுங் கொண்டு பதனிட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்னைத் துறைமுகத்தினூடாகப் பெருந்தொகையாக ஏற்றுமதியானது இவ்வகையைச் சேர்ந்ததே. செதுக்குவோன் கையாளும் மூலப்பொருள் இவ்வாறு அவன் காணாத பிறர் உழைப்பினால் முன்னரே உருவாக்கப்பட்டதாகும்.

ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள தோற்பட்டி முதலில் நனைக்கப்படும். நனைத்தவுடன் வேலை தொடங்கலாகாது. நீர் உள்ளிழைகளுக்குச் சமமாகப் பரவும்வரை காத்திருத்தல் வேண்டும். சிலர் ஓர் இரவு முழுவதும் மூடிவைப்பர். பின்னர், மேற்பரப்பு தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும் வேளையிலே, தொட்டாற் குளிர்ச்சி மாத்திரம் உணரப்படும் நிலையிலே, வேலை ஆரம்பமாகும். சிலர் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே இக்குளிர்ச்சியை அறிவர். ஈரம் மிகுந்தால் அழுத்திய வடிவம் மழுங்கும். குறைந்தாற் கத்தி இழுபடும். சரியான பதத்திற் பதித்த இடம் எரிந்ததுபோல் ஆழ்ந்த கபில நிறம் பெறும். இந்நிறந்தான் வேலையாளுக்குக் கிடைக்கும் சான்று. ஆனால் அது தோன்றும்போது முதல் அடி அடிக்கப்பட்டாயிற்று.

அடுத்தது வெட்டு. சுழலும் தண்டும் அதன் மீது சுட்டுவிரல் அமருங் கவையும் உடைய சிறு கத்தியினாற் கொடியும் மலரும் கோடுகளாக வெட்டப்படும். வெட்டு தோலின் தடிப்பிற் பாதியைத் தாண்டலாகாது. கோடு முடியுமிடத்தில் ஆழம் படிப்படியாகக் குறைந்து மறைதல் வேண்டும். பின்னர் கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாக அழுத்தும் அச்சு, இதழின் நடுவைக் குழிக்கும் அச்சு, நரம்பு பதிக்கும் அச்சு, பின்னணியைப் புள்ளிகளால் தாழ்த்தும் அச்சு என ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாப்புளியால் அடிக்கப்படும். இறுதியில் மீண்டுங் கத்தி. இதழ்களின் மேல் ஒரே வீச்சில் இழுக்கப்படும் அலங்கார வெட்டுக்கள் அவை. அவற்றை அழிக்கவோ திருத்தவோ இயலாது. அதுவரை செய்த அனைத்தையுங் கெடுக்கவல்ல வெட்டு கடைசியில் வருகிறது என்பது கவனத்திற்குரியது.

காப்பு என்பதற்கெனச் சில தனிச் சிக்கல்கள் உள. தட்டையாகச் செதுக்கிய பட்டி கையைச் சுற்றி வளைக்கப்படும்போது அதன் வெளிப்புறம் நீளவும் உட்புறம் சுருங்கவும் வேண்டும். மணிக்கட்டின் சுற்றளவு 170 மில்லிமீற்றர் என்றும் தோலின் தடிப்பு 3 மில்லிமீற்றர் என்றுங் கொள்வோமாயின், வெளிப்புறச் சுற்றளவு ஏறத்தாழ 189 மில்லிமீற்றர் ஆகும். சுவரில் தொங்கவிடும் தோற்பலகையில் அழகாகத் தோன்றும் ஆழமான வெட்டு, காப்பில் வாய்பிளந்து நிற்பது இதனாலேயே. மேலும், ஒடுங்கிய பட்டியின் மீது அச்சினால் அடிக்க அடிக்க அது நீளமாகவும் அகலமாகவும் பரவும். நேராக வெட்டிய ஓரம் வளைந்து போகும். எனவே அனுபவமுள்ளோர் அகலமான துண்டிற் செதுக்கி முடித்த பின்னரே பட்டியை அளவுக்கு வெட்டுவர். அல்லது பின்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வர். இவை யாவும் கேட்டாற் சிறு செய்திகளே. கேட்காதவனோ ஐந்தாறு காப்புகளைப் பாழாக்கிய பின்னரே இவற்றைக் கண்டறிவான்.

யாரிடங் கேட்பது? இவ்வினா எழுந்த இடத்திலேதான் கைநூல் என்னும் புதிய ஆசான் தோன்றுகிறான். இரண்டாம் உலகப்போரின் பின்னர் அமெரிக்காவிற் காயமுற்ற படைவீரருக்குத் தோல்வேலை ஒரு மீட்புப் பயிற்சியாக அளிக்கப்பட்டது. அவ்வழி உருவான சந்தையை நன்குணர்ந்த நிறுவனம் ரெக்சஸ் மாநிலத்துத் தண்டி நிறுவனம். சப்பாத்துத் தொழிலுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடையாக 1919 இல் தொடங்கிய அது, போருக்குப் பின்னர் தோலும் அச்சும் வடிவத்தாளும் நூலும் விற்கும் பெருநிறுவனமாயிற்று. அதன் நூல்களிற் பெரும்பாலானவற்றை எழுதியும் வரைந்துங் கொடுத்தவர் அல் ஸ்ரோல்மன் (1919–1998). 1950 களிலிருந்து வெளிவந்த அவர் கைநூல்கள் பல தலைமுறைத் தோற்கைவினைஞருக்கு முதற்பாடம்.

இந்நூல்களை வெறும் வணிகச் சரக்கெனத் தள்ளிவிடுதல் நீதியன்று. தோலின் குறுக்குவெட்டை வரைந்து, வெட்டின் ஆழமும் சரிவும் எவ்வாறு அமைதல் வேண்டும், எவ்வாறு அமைதலாகாது என்று சரியையும் பிழையையும் அருகருகே காட்டும் அவர் முறை, தொழிற்கல்வி நூல்களில் அரிதாகக் காணப்படும் நேர்மையுடையது. பட்டறையின் கதவுக்குள்ளே நுழையும் வாய்ப்பு எக்காலத்தும் கிட்டியிராத ஒருவன், பிறப்பு, ஊர், உறவு எதுவும் கேட்கப்படாமல் ஒரு தொழிலின் வாயிலில் வந்து நிற்க அந்நூல் வழிசெய்தது. குமாரசுவாமியின் கண்களுக்கு இது மரபின் சீரழிவாகத் தோன்றியிருக்கும். ஆனால் மரபு எவருக்கு மறுக்கப்பட்டிருந்ததோ அவருக்கு இது வேறு விதமாகத் தோன்றும்.

எனினும் கைநூலின் விலை என்ன என்பதையும் நோக்குதல் வேண்டும். முன்னைய சேணத் தொழிலாளர் தமக்கு வேண்டிய அச்சுகளை ஆணியையும் இரும்புத் துண்டையும் அராவித் தாமே செய்துகொண்டனர். ஒருவர் அச்சு மற்றவர் அச்சைப் போலிராது. நிறுவனத்தின் அச்சுகளோ எழுத்தாலும் இலக்கத்தாலும் பெயரிடப்பட்டவை. பாடமும் அவ்விலக்கங்களின் மொழியிலேயே பேசுகிறது. இந்த இதழுக்கு இந்த இலக்க அச்சு என்று கற்றவன், இதழைப் பார்க்குமுன் அச்சைப் பார்க்கப் பழகிக்கொள்கிறான். ஒரே மலர் ஒரே வளைவோடு நாடெங்கும் பல்லாயிரம் பட்டிகளில் மலர்ந்ததற்குக் காரணம் இதுவே.

நூலாற் கடத்தமுடியாத அறிவு ஒன்று உண்டு என்பதை மைக்கேல் பொலன்யி 1958 இல் வெளியிட்ட 'தனிமனித அறிவு' என்னும் நூலில் வற்புறுத்தினார். விதிகளாகச் சொல்லித் தீர்க்க இயலாத திறன், செய்து காட்டுவதன் மூலமே குருவிடமிருந்து மாணவனுக்குச் செல்லும் என்பது அவர் கருத்து. தோலின் ஈரப்பதம் இதற்கு நல்ல உதாரணம். பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வேளை என்று நூல் எழுதலாம். எந்த நிறம், எவ்வளவு தொடக்கம் என்பதை அருகில் இருப்பவனே காட்டமுடியும். ஆயின் பொலன்யியின் வாதத்தில் ஒரு குறை உளது. அவர் கண்முன் இருப்போர் குருவும் சீடனும் மாத்திரமே. பட்டறையில் அவ்விருவர் மட்டுமா இருக்கின்றனர்?

இக்குறையை நிரப்பியவர்கள் ஜீன் லேவ், எற்றியன் வெங்கர் ஆகிய இருவரும் ஆவர். 1991 இல் வெளிவந்த அவர்களது சிறுநூல், லைபீரியாவின் தையற்காரர், மெக்சிக்கோவின் மருத்துவிச்சிகள் முதலியோர் தொழில் பயில்வதை ஆராய்கிறது. தையற்கடையிற் சேர்ந்த இளைஞன் துணி வெட்டுவதிலிருந்து தொடங்குவதில்லை, முடிவிலிருந்து தொடங்குகிறான். பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் ஆகியன முதலில்; தைத்தல் பின்னர்; தவறினால் துணியே பாழாகும் வெட்டு வேலை எல்லாவற்றுக்கும் பின்னர். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மேலும், பயில்வோர் தம் ஆசானிடமிருந்து கற்பதிலும் பார்க்கத் தம்மொத்த ஏனைய பயில்வோரிடமிருந்தே பெரிதும் கற்கின்றனர் என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். இதற்குக் காரணங் கூறுதல் எளிது. நாற்பது ஆண்டு தோல் செதுக்கியவனுக்குத் தான் முதலில் எங்கே இடறினான் என்பது மறந்துபோயிருக்கும். கை அறிந்திருப்பதை வாய் அறியாது. சென்ற மாதம் அதே இடத்தில் இடறியவனுக்கோ அந்த இடறல் நன்கு நினைவிருக்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடி என்பான் ஆசான். விரலின் பாரம் முழுவதையும் கவையில் வைக்காதே, அதனாலேதான் கத்தி சாய்கிறது என்பான் பக்கத்திலிருப்பவன்.

அதே நூலில் இடம்பெறும் மற்றொரு செய்தி நம் நோக்கத்துக்கு இன்னும் முக்கியமானது. அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டுந் தொழில் பயின்ற இளைஞர், பொதிசெய்யும் மேசையில் இருத்தப்பட்டனர். தேர்ந்தோர் வெட்டுவதை அங்கிருந்து காண இயலாது. சான்றிதழும் இருந்தது, ஆசானும் இருந்தார், பாடமும் இருந்தது. மேசைகள் இருந்த இடமே கல்வியைத் தடுத்துவிட்டது. எவர் எவரைக் காணலாம், எவர் எவரருகே அமரலாம் என்பது கல்வியின் அடிப்படை நிபந்தனை. இதனை மனதிற் கொண்டே நாம் நம் சமூகத்தை நோக்கவேண்டும்.

அதற்கு முன் டேவிட் பை பற்றி ஒரு சொல். தளபாட வடிவமைப்பாளரான இவர் 1968 இல் எழுதிய நூலில், 'கையாற் செய்யப்பட்டது' என்னுந் தொடர் எதனையும் விளக்குவதில்லை என்று கூறி, விளைவு வேலை முடியும்வரை கையின் கவனத்திலே தங்கியிருக்கும் வேலை, விளைவு முன்கூட்டியே உறுதி செய்யப்பட்ட வேலை என இரண்டாகப் பிரித்தார். இப்பிரிவு கைவினை பற்றிய நம் மிகையுணர்ச்சிக்கு நல்ல மருந்து. தோற்காப்பு இவ்விரண்டும் கலந்தது. அச்சு தன் வடிவத்தைத் தானே உறுதிசெய்கிறது. கத்தி எதனையும் உறுதிசெய்வதில்லை. நூலாலும் இலக்கத்தாலும் கற்பிக்கத்தக்கது அச்சு வேலை. சக கைவினைஞன் தேவைப்படுவது கத்திக்கே.

இதற்கு நல்ல சான்று வயோமிங் மாநிலத்து ஷெரிடன் நகரில் உளது. அங்கு வாழ்ந்த சேணக்காரர் டொன் கிங் (1923–2007), வட்டமாகச் சுழன்று ஒன்றையொன்று கோக்கும் கொடிகளுக்குள்ளே சிறு மலர்களை நெருக்கமாக அமைக்கும் பாணியை வளர்த்தார். 1991 இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருதும் அவருக்குக் கிடைத்தது. அவரிடமும் அவரைச் சூழ்ந்தும் வேலை செய்தோர் அதனைப் பரப்பினர். அப்பாணியை இன்று உலகம் டொன் கிங் பாணி என்று அழைப்பதில்லை. ஷெரிடன் பாணி என்றே அழைக்கிறது. ஒரு நடை மனிதன் பெயரைவிட்டு ஊர்ப்பெயரை ஏற்பது, அது பலர் கைகளினூடாகச் சென்று பொதுவுடைமை ஆகியது என்பதற்கு அடையாளம். இங்குங் குறையில்லாமல் இல்லை. இச்செதுக்கு வேலை மெக்சிக்கோவின் மாடுமேய்ப்போர் வழியாக வந்தது. அதற்கும் அப்பால் ஸ்பானியாவின் கோர்டோபா நகரத் தோல் வேலைக்குச் செல்வது. சப்பாத்து செய்வோனைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று அந்நகரின் பெயரிலிருந்தே பிறந்தது. ஆயினும் மெக்சிக்கோத் தொழிலாளரின் பெயர்களை அமெரிக்கக் கைநூல்களில் தேடினால் மிகச் சிலவே கிடைக்கும். கற்றவர் பெயர் நிலைத்தது; கற்பித்தவர் பெயர் கரைந்துபோயிற்று. சக கைவினைஞரிடம் கற்றல் என்பது இனிமையான தொடரேயாயினும், கடன் எழுதப்படாத கணக்குகள் அதிலும் உள.

இனிக் குமாரசுவாமிக்குத் திரும்புவோம். அவர் கூறியவற்றில் உண்மை பெரிது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். குடியேற்ற ஆட்சியின் கலைக் கல்லூரிகள், பயன்பாட்டிலிருந்து பிரித்தெடுத்த வரைதற் பயிற்சியைக் கல்வியெனக் கொண்டிருந்த காலத்தில், கைவினைஞன் உண்மையான பொருளை, உண்மையான தேவைக்காக, தந்தையின் பட்டறையிலே செய்து கற்கிறான் என்று அவர் வாதிட்டார். லேவும் வெங்கரும் எண்பது ஆண்டுகளின் பின்னர் சொன்னதன் ஒரு பாதியை அவர் முன்னரே கண்டிருந்தார். இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ், ஆஷ்பி ஆகியோர் வளர்த்த இயக்கமே அவர் பார்வைக்கு ஊட்டமளித்தது. ஆஷ்பி 1888 இல் நிறுவிய கைவினைக் கழகம் 1902 இல் இலண்டனிலிருந்து சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்கு நகர்ந்து, சில ஆண்டுகளிலேயே நிதிநெருக்கடியாற் குலைந்தது. 'இந்தியக் கைவினைஞன்' நூலுக்கு முன்னுரை எழுதியவரும் ஆஷ்பியே. தம் நாட்டிலே தோற்றுக்கொண்டிருந்த ஓர் இலட்சியத்துக்கு, கீழைத்தேயத்தில் அது நூற்றாண்டுகளாக வெற்றியுடன் நிலவியது என்ற செய்தி எவ்வளவு ஆறுதலளித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த ஆறுதலை அளித்த பதிலுரையாகவே அந்நூலின் பல பகுதிகள் அமைந்துள்ளன என்பது எமது கருத்து.

குறை எங்கே தோன்றுகிறது? சாதியையும் தொழிற்கழகத்தையும் ஒரே வகையான பாதுகாப்பாக அவர் கொண்டதிலே தோன்றுகிறது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவர் நூலின் நாயகர் நவந்தன்னோ வகுப்பினரான பொற்கொல்லர், ஓவியர், தந்தச் செதுக்குநர் முதலியோர். நிலமானிய அமைப்பில் அவர்களுக்கென நிலமும் ஓரளவு மதிப்பும் இருந்தன. பொன்னும் தந்தமும் தீட்டற்றவை. தோலை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்போமாயின் சித்திரம் மாறிவிடும்.

தமிழிலக்கியம் தோல் வேலையாளை அறியாததன்று. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்து, தோலைத் தைப்போரையும் ஏனையோருடன் சேர்த்தே கூறுகிறது. அதனினும் முற்பட்ட புறநானூற்றின் 82 ஆம் பாட்டு இன்னும் ஆழமானது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்நிலையிலே கட்டிலை வாரால் இழுத்துப் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசியின் விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்குகிறார் சாத்தந்தையார். சோழ மன்னன் ஒருவனின் வீரத்தைக் கூற, உழைக்குங் கையொன்றின் வேகத்தை இவ்வளவு கூர்ந்து நோக்கிய புலவர் அரியர். அந்தக் கைக்கு உடையவனைப் பாட்டு எப்பெயரால் அழைக்கிறது? இழிசினன் என்றழைக்கிறது. கை காணப்பட்டது, மனிதன் விலக்கப்பட்டான். அச்சொல்லுக்கு அக்காலத்தில் எவ்வளவு இழிவுப்பொருள் இருந்தது என்பது பற்றிப் புலமையாளர் விவாதிக்கலாம். சொல்லின் வேர் எதனைக் கூறுகிறது என்பது வெளிப்படை.

தோற்றொழிலாளி தன் தந்தையிடங் கற்றான் என்பதும், சுற்றத்தவரிடங் கற்றான் என்பதும் உண்மையே. குமாரசுவாமியின் சூத்திரம் இங்கும் பொருந்துகிறது என்று அவர் தரப்பில் வாதிடலாம். ஆனால் அவனருகே அமர்ந்து கற்க வேறெவனும் வரவில்லை; அவனும் வேறெவனருகேயும் அமர்ந்து கற்க அனுமதிக்கப்படவில்லை. தச்சனின் கணக்கு அவனுக்கு வரவில்லை. அவனுடைய பதனீட்டறிவு ஏட்டுக்கு ஏறவில்லை. மரம், கல், பொன் ஆகியவற்றின் வேலைக்குச் சிற்ப நூல்கள் எழுந்த மொழிச்சூழலில், தோலின் ஈரப்பதம் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை. மரபு அறிவைக் காத்தது என்பது உண்மையாயின், அதே மரபு அறிவைச் சிறையிட்டது என்பதும் உண்மையாகும். பேரங்காடியின் பொதிமேசை நம்மிடையே பல நூற்றாண்டுகள் இருந்தது.

இதற்கு இன்றைய சான்று வேண்டுவோர் 2020 இல் வெளிவந்த ரி. எம். கிருஷ்ணாவின் 'செபஸ்ரியன் அன்ட் சன்ஸ்' என்னும் நூலை நோக்கலாம். மிருதங்கம் செய்வோரின் வரலாறு அது. அவர்களிற் பெரும்பாலோர் தலித் கிறித்தவர். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் ஆகியவற்றை எங்கே எவ்வாறு தெரிவது, வாரை எவ்வளவு இறுக்குவது, எத்தோல் எத்தொனியைத் தரும் என்பனவற்றை அறிந்தவர் அவர்கள். பாலக்காடு மணி ஐயரும் அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தும் இணைந்து செய்த சோதனைகள் நூலின் முக்கிய பகுதி. வாத்தியக்காரர் தம் செவிக்கு வேண்டிய ஒலியைக் கூறுவார். செய்பவர் அதனைத் தோலில் தேடுவார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர் என்பதில் ஐயமில்லை. இரு கைவினைஞரிடையே நிகழ்ந்த கல்வியாகவே அதனைக் கொள்ளவேண்டும். ஆனால் அக்கல்வியின் புகழ் மேடைக்குச் சென்றது, பட்டறைக்குத் திரும்பவில்லை. நூலின் பகுதிகள் பத்திரிகையில் வெளிவந்ததும், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தர இசைந்திருந்த சென்னைக் கலாக்ஷேத்திரா 2020 சனவரியில் அந்த இசைவை மீளப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. கலையைப் பேணும் நிறுவனம் ஒன்று கலைக்கருவி செய்தோரின் வரலாற்றைத் தன் மண்டபத்தில் வைத்துக்கொள்ள மறுத்தமையை, குமாரசுவாமியின் இசைவான சமூகம் என்ற கருத்தினால் விளக்க முடியாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். குமாரசுவாமி எழுதிய காலத்தில் அவர் முன்னிருந்த கேள்வி சாதியன்று, ஏகாதிபத்தியமே. அவரிடம் நம் காலத்துக் கேள்வியைக் கேட்பது தகுமா என்பதே அம்மறுப்பு. கேட்கத் தகும் என்றே கூறவேண்டும். அவர் சாதியைப் பேசாதிருந்திருந்தால் இவ்வாறு கேட்பது முறையன்று. அவரோ பேசினார், புகழ்ந்தும் பேசினார். அத்துடன், அமெரிக்கத் தோற்கைவினையின் அனுபவம் அவர் முன்வைத்த தெரிவையே ஐயத்துக்குள்ளாக்குகிறது. பிறப்புவழி மரபு, இயந்திரச் சீரழிவு என்ற இரண்டே வழிகள் உள என்பதாக அவர் எழுதினார். படைமுகாமிலிருந்து மீண்டவனும் பண்ணையாளும் கடைக்காரனும் ஒரு கைநூலோடு தொடங்கி, பின்னர் ஊர்தோறும் அமைத்த சிறு கழகங்களிற் கூடி, ஒருவர் வெட்டை ஒருவர் திருத்தி, தந்தையர் எவரும் அறிந்திராத ஒரு தொழிலைத் தமதாக்கிக்கொண்டமை மூன்றாவது வழி. அவ்வழியில் உருவான காப்புகளிற் பல சாதாரணமானவை. சில மிக மோசமானவை. சக கைவினைஞர் ஒருவர் கையை ஒருவர் திருத்தினர். ஒருவர் கண்ணை ஒருவர் திருத்தினரா என்பது எனக்கு ஐயமே. எல்லோரும் ஒரே வடிவத்தாளை வைத்திருக்கும்போது அதன் வறுமையைச் சுட்டுபவர் எவருமிலர். ஆயினும் வாயில் திறந்திருந்தது.

குமாரசுவாமியின் எழுத்துக்கு முரணாக நிற்பது அவர் வாழ்க்கையே என்பதையும் ஈண்டு குறிப்பிடலாம். கொழும்பில் 1877 இற் பிறந்து இலண்டனிலே புவிச்சரிதவியல் பயின்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் இயக்குநராக விளங்கியவர். கைவினைஞர் குடும்பத்திற் பிறந்தவரல்லர்; சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை அவர் ஒரு பதிப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தை ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் வாங்கியிருந்தது. அதனைப் புரோட் கம்டன் என்னும் ஊரிலே தம் இல்லமாகிய நோர்மன் சப்பலில் வைத்து, தாமே மேற்பார்வை செய்து, 425 பிரதிகளை அச்சிடுவித்தார். எழுத்துக் கோத்தோரும் மை தடவியோரும் ஆங்கிலத் தொழிலாளர். அவர்களருகே நின்று தாளையும் ஓரவெளியையும் மையின் செறிவையும் கண்காணித்த அந்த இலங்கையருக்கு, அத்தொழிலிற் பிறப்புரிமை எதுவும் இருக்கவில்லை.